கிழிக்கப்பட்ட பக்கம் எந்தப் புத்தகத்தினுடையது? ‘ஷ்ரெக்’ படமும் தேவதைக் கதை மரபும்

2001ஆம் ஆண்டு மே மாதம் வெளியான ‘ஷ்ரெக்’ என்னும் அசைவூட்டத் திரைப்படம் ஒரு புத்தகத்தில் தொடங்குகிறது. பழைய பாணிக் கதைப்புத்தகம் ஒன்று திறக்கிறது. கோட்டையில் அடைபட்ட இளவரசி, காவல் காக்கும் டிராகன், உண்மைக் காதலின் முதல் முத்தத்தால் மட்டுமே நீங்கும் சாபம் என வழக்கமான கதையை ஒரு குரல் வாசிக்கிறது. கதை முடிவதற்குள் பச்சை நிறக் கை ஒன்று அந்தப் பக்கத்தைக் கிழித்தெடுக்கிறது. வாசித்தவன் கழிப்பறையில் அமர்ந்திருக்கும் அரக்கன். கிழித்த தாள் எதற்குப் பயன்பட்டது என்பதை அடுத்து வரும் நீரோசை அறிவித்துவிடுகிறது.

இந்தக் காட்சியிலிருந்தே படத்தைப் பற்றிய ஒரு வாய்பாடு உருவாகி நிலைபெற்றுவிட்டது: மரபான தேவதைக் கதைகளை ‘ஷ்ரெக்’ தலைகீழாக்கியது என்பது அது. வகுப்பறைகளிலும் ஆய்வேடுகளிலும் திரை விமர்சனங்களிலும் இவ்வாய்பாடு மீண்டும் மீண்டும் எடுத்தாளப்படுகிறது. தலைகீழாக்கம் எவ்வாறு நிகழ்ந்தது, அது முழுமையானதா, அரைகுறையானதா என்றெல்லாம் விவாதம் நடக்கிறது. ‘மரபான’ என்ற சொல் மட்டும் எந்தச் சோதனைக்கும் உட்படாமல் தப்பித்துக்கொள்கிறது. அரக்கன் கிழித்த பக்கம் எந்தப் புத்தகத்தைச் சேர்ந்தது என்று கேட்டால் இப்படத்தின் வரலாற்று இடம் வேறுவிதமாகத் தெரியத் தொடங்கும்.

கதைப்புத்தகம் திறப்பதைக் காட்டிப் படத்தைத் தொடங்கும் உத்தி டிஸ்னி நிறுவனத்துக்குரியது. ‘ஸ்னோ வைட்’ (1937), ‘சிண்ட்ரெல்லா’ (1950), ‘தூங்கும் அழகி’ (1959) ஆகிய மூன்று படங்களும் அவ்வாறே தொடங்குகின்றன. திரையில் விரியும் கதை ஏற்கெனவே எழுதி முடிக்கப்பட்டது, மாற்றத்துக்கு இடமில்லாதது என்ற எண்ணத்தை அந்தப் புத்தகம் பார்வையாளர் மனத்தில் பதிக்கிறது. தேவதைக் கதைகளின் பழைய பதிப்புகள் தம்மைப் பற்றித் தந்த சித்திரம் இதற்கு மாறானது. 1697இல் பாரிஸில் வெளியான ஷார்ல் பெரோவின் தொகுப்பின் முகப்புப் படத்தில் புத்தகமே இல்லை. நூல் நூற்றுக்கொண்டே கதை சொல்லும் ஒரு முதியவளும் அவளைச் சுற்றி அமர்ந்து கேட்போருமே அதில் இருக்கிறார்கள். அரக்கன் கிழித்த பக்கம் அந்த முதியவளின் வாய்மொழியைச் சேர்ந்ததன்று. அது இருபதாம் நூற்றாண்டுத் திரைப்படம் தனக்கென உருவாக்கிக்கொண்ட புத்தகத்தின் பக்கம்.

ஐரோப்பாவில் தேவதைக் கதைகளை மட்டுமே கொண்ட முதல் பெருந்தொகுப்பாகக் கருதப்படுவது, ஜியாம்பத்திஸ்தா பசீலே நேப்பிள்ஸ் வட்டார மொழியில் எழுதிய ‘கதைகளின் கதை’. ஆசிரியர் இறந்த பின்னர் 1634 முதல் 1636 வரையிலான ஆண்டுகளில் அது அச்சேறியது. அதன் சட்டகக் கதையே சிரிப்பைப் பற்றியது. ஸோஸா என்னும் இளவரசிக்குச் சிரிப்பே வருவதில்லை. அவளைச் சிரிக்கவைக்க அரசன் அரண்மனை வாயிலில் எண்ணெய் ஊற்று ஒன்றை அமைக்கிறான்; வழிப்போக்கர்கள் வழுக்கி விழுவதைக் கண்டாவது மகள் சிரிக்கமாட்டாளா என்பது அவன் எண்ணம். எண்ணெய் சேகரிக்க வந்த கிழவியின் பாத்திரத்தை அரண்மனைப் பையன் ஒருவன் கல்லெறிந்து உடைக்கிறான். வாய்ச்சண்டை முற்றுகிறது, கிழவி ஆடையைத் தூக்கிக் காட்டுகிறாள், இளவரசி வாய்விட்டுச் சிரிக்கிறாள். சினமுற்ற கிழவி இடும் சாபத்திலிருந்தே நூல் முழுவதும் கிளைக்கிறது. கழிப்பறை நகைச்சுவையைத் தேவதைக் கதைக்குள் கொண்டுவந்த புதுமையாளன் ஷ்ரெக் என்று கருதுவோர் இந்தத் தொடக்கத்தை நினைவில் கொள்ள வேண்டும்.

பசீலேயின் நூலில் முதல் நாளின் முதல் கதைக்கு ‘அரக்கன் கதை’ என்றே பெயர். தாயால் வீட்டைவிட்டு விரட்டப்பட்ட அந்துவோனோ என்னும் மந்தபுத்தி இளைஞன், பார்க்கவே அருவருப்பூட்டும் ஓர் அரக்கனிடம் வேலைக்குச் சேர்கிறான். அரக்கனின் அவலட்சணத்தை அங்கம் அங்கமாக வருணிக்கும் பசீலே, அவனை நூலின் மிகக் கனிவான பாத்திரங்களுள் ஒருவனாகப் படைக்கிறார். வீட்டு நினைவில் வாடும் இளைஞனுக்கு அவன் ஒரு கழுதையைப் பரிசளிக்கிறான். பொன்னும் மணியும் விட்டையாக இடும் கழுதை அது. நாட்டார் கதைகளுக்கான ஆர்னே–தாம்சன்–ஊத்தர் வகைப்பாட்டில் 563ஆம் எண்ணின்கீழ் வரும் பரவலான கதை இது. ‘ஷ்ரெக்’கை உருவாக்கியவர்கள் பசீலேயைப் படித்தார்கள் என்று வாதிடத் தேவையில்லை. தோற்றத்தில் கோரமும் உள்ளத்தில் நன்மையும் கொண்ட அரக்கனும் அவனோடு ஒரு கழுதையும் ஐரோப்பியத் தேவதைக் கதையின் முதல் பெருந்தொகுப்பின் வாசலிலேயே நிற்கிறார்கள் என்பதே இங்கே கவனிக்கத்தக்கது.

‘தேவதைக் கதை’ என்னும் பெயர் பிரான்சில் பிறந்தது. மதாம் டோல்னுவா 1697இல் வெளியிட்ட தொகுப்பின் தலைப்பே பின்னர் ஓர் இலக்கிய வகையின் பெயராயிற்று. பாரிஸின் கற்றறிந்த பெண்கள் தங்கள் இல்லக் கூடங்களில் சொல்லி, கேட்டு, ஒருவரையொருவர் விஞ்ச முயன்ற கதைகள் இவை. ‘செம்மறிக்கடா’ என்னும் அவரது கதையில் சாபத்தால் ஆடாக மாறிய அரசன் மனிதனாகத் திரும்புவதே இல்லை. காதலியின் வரவுக்குக் காத்திருந்து இறந்துபோகிறான். ‘மஞ்சள் குள்ளன்’ கதையில் காதலர் இருவரும் மடிகிறார்கள். இன்பமான திருமண முடிவு இவ்வகைக் கதைகளின் இலக்கணம் என்ற நம்பிக்கை, வகைக்குப் பெயர் தந்தவரிடமே பொருந்தவில்லை.

பெரோவின் கதைகளில் எள்ளல் இன்னும் வெளிப்படையானது. கோல்பேர் அமைச்சரின் கீழ் அரசுப் பணியாற்றிய அவர், அரசவையின் நடைமுறைகளை நன்கு அறிந்தவர். சிண்ட்ரெல்லா கதையின் இறுதியில் அவர் சேர்த்த இரண்டாவது நீதி, அறிவும் துணிவும் நற்குடிப் பிறப்பும் இருந்தும் உதவிசெய்யச் செல்வாக்குள்ள ஞானத்தாயோ ஞானத்தந்தையோ இல்லாவிட்டால் முன்னேற்றம் இல்லை என்கிறது. தூங்கும் அழகி நூறாண்டு உறங்கி எழும்போது அவள் ஆடை காலங்கடந்த நாகரிகமாகிவிட்டதை இளவரசன் கவனிக்கிறான்; அதைச் சொல்லாமல் இருந்துவிடும் நயத்தக்க நாகரிகமும் அவனுக்கு இருக்கிறது. திருமணத்தோடு அக்கதை முடிவதுமில்லை. இளவரசனின் தாய் அரக்கர் குலத்தவள். அவளது செல்வத்துக்காகவே அரசன் அவளை மணந்திருந்தான். அவள் பேரக்குழந்தையைச் சமைத்துத் தரச் சொல்கிறாள். எந்தக் குழம்பு ஊற்றிச் சமைக்க வேண்டும் என்பதையும் குறிப்பிட்டே ஆணையிடுகிறாள். அரச குடும்பத்தில் அரக்கச் சம்பந்தம் என்பது 2001இன் கண்டுபிடிப்பன்று. பெரோவிடம் அது மாமியார் வடிவில் ஏற்கெனவே இருந்தது.

இக்கதைகளின் மீது பக்தி கலந்த கனம் ஏறியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். யாக்கோப், வில்ஹெல்ம் என்னும் கிரிம் சகோதரர்களின் தொகுப்பு 1812, 1815 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளிவந்தது. 1857இல் வந்த ஏழாம் பதிப்புவரை வில்ஹெல்ம் அதைத் தொடர்ந்து செப்பனிட்டார். முதல் பதிப்பில் ராபுன்ஸல் தன் ஆடைகள் இறுக்கமாகிவிட்டன என்று வெகுளியாகக் கேட்டுத் தன் கர்ப்பத்தை வெளிப்படுத்துகிறாள். பின்வந்த பதிப்புகளில் அந்த வரி நீங்கியது. ஸ்னோ வைட்டைக் கொல்லத் துணிந்த பெற்ற தாய் மாற்றாந்தாய் ஆனாள். நாட்டார் குரலாகப் போற்றப்பட்ட கதைகள் நடுத்தர வர்க்கக் குடும்பத்தின் வாசிப்புக்கு ஏற்றவையாக மாறின.

ஆயினும் ‘ஷ்ரெக்’ கேலிசெய்யும் மைய விதியான ‘உண்மைக் காதலின் முத்தம்’ கிரிம் தொகுப்பில்கூடப் பொது விதியாக இல்லை. தவளை அரசன் கதையில் இளவரசி தவளையை முத்தமிடுவதில்லை. வெறுப்பின் உச்சத்தில் அதைச் சுவரில் வீசி எறிகிறாள். அப்போதுதான் அது இளவரசனாகிறது. ஸ்னோ வைட்டை எழுப்புவதும் முத்தமன்று. இறுதிப் பதிப்பில் பணியாளர்கள் பெட்டியைச் சுமந்து செல்கையில் இடறுவதால் தொண்டையில் சிக்கிய ஆப்பிள் துண்டு வெளியே வருகிறது. பெரோவின் தூங்கும் அழகியும் முத்தமின்றியே விழிக்கிறாள். சாபத்தின் காலம் முடிந்துவிட்டது, அவ்வளவே. கிரிம் தொகுப்பின் முட்ரோஜா இளவரசி மட்டும் முத்தத்தால் எழுகிறாள். சிதறிக் கிடந்த இந்த ஒரு கூற்றை எடுத்து எல்லாக் கதைகளுக்கும் பொதுவான சட்டமாக்கியதில் பெரும்பங்கு 1937க்குப் பிந்தைய திரைப்படத்துக்கு உண்டு.

அந்தத் திரைப்படத்தின் தொடக்கமும் பகடிதான் என்பது இவ்வரலாற்றின் சுவையான திருப்பம். 1922இல் கான்சாஸ் சிட்டியில் இளைஞர் வால்ட் டிஸ்னி ‘லாஃப்-ஓ-கிராம்’ என்ற சிறு நிறுவனத்தை நடத்தினார். சிவப்புத் தொப்பிச் சிறுமி, சிண்ட்ரெல்லா, காலணி அணிந்த பூனை முதலிய கதைகளை நிகழ்கால அமெரிக்க நகரத்துக்குப் பெயர்த்துக் கேலிசெய்த குறும்படங்களையே அது தயாரித்தது. அடுத்த ஆண்டே நிறுவனம் நொடித்துப்போயிற்று. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் அதே மனிதர் ‘ஸ்னோ வைட்’டைத் தந்தபோது கேலி பின்வாங்கியிருந்தது. சில நிமிடக் குறும்படத்தைச் சிரிப்பைக் கொண்டே நடத்திவிடலாம். எண்பது நிமிடங்களைத் தாண்டும் படத்துக்குப் பார்வையாளர் கதையை நம்ப வேண்டும். சித்திர உருவம் ஒன்றின் சாவுக்காக அழவும் வேண்டும். எனவே ‘ஸ்னோ வைட்’டில் சிரிப்பு குள்ளர்களுக்கும் விலங்குகளுக்கும் ஒதுக்கப்பட்டது, இளவரசியும் இளவரசனும் சிரிப்புக்கு அப்பாற்பட்ட மண்டலத்தில் நிறுத்தப்பட்டனர். இந்த வேலைப் பிரிவினையே பின்னர் ‘மரபு’ என்று பெயர் பெற்றது.

நீக்கப்பட்ட சிரிப்பு குறும்படங்களில் தொடர்ந்து வாழ்ந்தது. ஃபிளெய்ஷர் நிறுவனத்தின் பெட்டி பூப் 1933இலேயே ஸ்னோ வைட்டாக நடித்திருந்தாள். 1943இல் எம்.ஜி.எம். நிறுவனத்துக்காக டெக்ஸ் ஏவரி இயக்கிய சிவப்புத் தொப்பிச் சிறுமிப் படத்தில், பழைய கதையையே இன்னும் எத்தனை முறை நடிப்பது என்று ஓநாயும் பாட்டியும் சிறுமியும் கதைசொல்லியிடம் கலகம் செய்ய, கதை இரவு விடுதிக்கு இடம் மாறித் தொடங்குகிறது. டிஸ்னியின் ‘தூங்கும் அழகி’ வெளியான அதே 1959ஆம் ஆண்டில், ஜே வார்டின் தொலைக்காட்சித் தொடரில் ‘முறிந்த தேவதைக் கதைகள்’ என்ற பகுதி ஒளிபரப்பாகத் தொடங்கியது. பெருந்திரையில் பக்தியும் சிறுதிரையில் பகடியும் ஒரே காலத்தில் அருகருகே இயங்கின.

‘ஷ்ரெக்’ படத்தின் மூலமான சித்திரக் கதை நூல் 1990இல் வெளிவந்தது. அதை எழுதி வரைந்த வில்லியம் ஸ்டைக் 1907இல் பிறந்தவர். 1930 முதல் ‘நியூயார்க்கர்’ இதழில் கேலிச்சித்திரம் வரைந்தவர். அறுபது வயதை எட்டிய பின்னரே சிறாருக்கு எழுதத் தொடங்கியவர். யூதக் குடியேறிகளின் மகனான அவர் தம் நாயகனுக்கு யித்திய மொழியில் அச்சம் என்று பொருள்படும் சொல்லைப் பெயராக இட்டார். நூலின் ஷ்ரெக் தன் கோரத்தில் பெருமிதம் கொள்பவன். பூக்கள் நிறைந்த வெளியில் குழந்தைகள் தன்னைக் கட்டியணைத்து முத்தமிடுவதே அவன் காணும் கெட்ட கனவு. கண்ணாடிகள் நிறைந்த கூடத்தில் தன் உருவத்தை எத்திசையிலும் கண்டு மகிழ்கிறான். அவன் தேடிச் செல்லும் இளவரசி தொடக்கம் முதலே அவனைவிடவும் அழகற்றவள். அந்நூலில் அவளுக்குச் சாபம் இல்லை. ஆகவே மீட்சியும் தேவைப்படவில்லை. தன்னை ஏற்க முடியாமல் தவிக்கும் அரக்கனும், தன் மறுவடிவத்தை மறைக்கும் இளவரசியும் திரைக்கதையின் சேர்க்கைகள்.

அச்சேர்க்கைக்கு ஒரு நிறுவனப் பின்புலம் உண்டு. டிஸ்னியின் திரைப்படப் பிரிவுத் தலைவராக இருந்த ஜெஃப்ரி காட்ஸன்பெர்க்கின் காலத்தில்தான் ‘சின்னக் கடற்கன்னி’ (1989), ‘அழகியும் மிருகமும்’ (1991) முதலிய படங்களால் தேவதைக் கதை இசைப்படம் மீண்டும் பெருவெற்றி கண்டது. 1994இல் கசப்புடன் விலகிய அவர், ஸ்டீவன் ஸ்பீல்பெர்க், டேவிட் கெஃபன் ஆகியோருடன் இணைந்து டிரீம்வொர்க்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். தமக்குச் சேர வேண்டிய தொகைக்காகத் தொடுத்த வழக்கு 1999இல் சமரசத்தில் முடிந்தது. ஆண்ட்ரூ ஆடம்சன், விக்கி ஜென்சன் ஆகியோரின் இயக்கத்தில் ‘ஷ்ரெக்’ உருவான ஆண்டுகள் இவையே. படத்தில் ஃபார்க்வாட் பிரபு ஆளும் டுலாக் நகரம், வரிசைக் கயிறுகள், நுழைவுச் சுழற்கதவு, பாடும் பொம்மைகள், நினைவுப் புகைப்படம் எனக் கேளிக்கைப் பூங்காவின் எல்லா அடையாளங்களும் கொண்டது. அந்தத் தூய்மைக்குப் பொருந்தாத கதைமாந்தர்கள் பிடித்துத் தரப்படுகிறார்கள். சன்மானத்துக்காக ஜெப்பெட்டோ தன் மரப்பொம்மையையே விற்கிறான். திரட்டப்பட்டவர்கள் அரக்கனின் சதுப்பு நிலத்தில் கொண்டுபோய்த் தள்ளப்படுகிறார்கள். பழங்கதைகளின் மாந்தர்களை ஒரு நிறுவனம் தன் உடைமையாக்கி, ஒழுங்குபடுத்தி, வேண்டாதவற்றை வெளியேற்றியது என்னும் குற்றச்சாட்டாக இதை வாசிக்க முடியும். அக்குற்றத்தை உள்ளிருந்து அறிந்தவர் ஒருவர் தயாரிப்பில் இருந்தார் என்பது அதன் கூர்மைக்கும் அதன் வரம்புக்கும் காரணம்.

படத்தின் உண்மையான துணிவு அதன் பகடிகளைவிட அதன் முடிவில் இருக்கிறது. பகலில் ஓர் உருவம், இரவில் வேறோர் உருவம் என்னும் ஃபியோனாவின் சாபம் பழமையானது. பதினைந்தாம் நூற்றாண்டு ஆங்கிலக் கதைப்பாடலான காவெய்ன்–ராக்னெல் திருமணத்தில், மனைவி பகலில் அழகாக இருக்க வேண்டுமா, இரவில் அழகாக இருக்க வேண்டுமா என்ற தேர்வு கணவன்முன் வைக்கப்படுகிறது. முடிவை அவளிடமே விடுகிறான் அவன். உடனே அவள் எப்போதைக்கும் அழகியாகிறாள். சாசரின் பாத் நகரப் பெண்மணி சொல்லும் கதையும் இதற்கு நெருங்கிய உறவுடையது. 1756இல் போமோன் எழுதிய ‘அழகியும் மிருகமும்’ கதையிலும், காட்ஸன்பெர்க் காலத்து 1991 படத்திலும் அன்பின் பரிசாக மிருகம் அழகிய இளவரசனாகிறது. உள்ளமே பெரிது என்று போதித்த கதைகள் யாவும் இறுதியில் அழகையே கூலியாகக் கொடுத்தன. ‘ஷ்ரெக்’கில் முத்தம் நிகழ்கிறது, ஒளி சூழ்கிறது, உடல் காற்றில் எழுகிறது, சடங்கு முழுமையாக நடந்தேறுகிறது. ஒளி விலகும்போது ஃபியோனா அரக்கியாகவே இருக்கிறாள். சில நூற்றாண்டுகளாகக் கொடுக்கப்பட்டுவந்த கூலி இங்கே முதன்மைப் பாத்திரத்துக்கு மறுக்கப்படுகிறது. அந்த மறுப்பு நல்வாழ்வாகவும் காட்டப்படுகிறது. மரபைத் திருப்பிப்போட்டது என்று வரலாற்று நோக்கில் சொல்லத்தக்க இடம் இது ஒன்றே.

அந்த இடத்திலும் தயக்கங்கள் உண்டு. உருவத்தைக் கொண்டு ஒருவரை எடைபோடலாகாது என்று கூறும் படம், ஃபார்க்வாடின் குள்ள உருவத்தைத் தொடர்ந்து சிரிப்புக்குரியதாக்குகிறது. ‘ஸ்னோ வைட்’டில் குள்ளர்களுக்கு ஒதுக்கப்பட்ட சிரிப்பு இங்கும் குள்ளனையே தேடி வருகிறது. அழகற்றவள் அழகற்றவளாகவே அறிமுகமாகும் ஸ்டைக்கின் நூலோடு ஒப்பிட்டால், அழகிய பகல் உருவத்தை நெடுநேரம் திரையில் வைத்திருக்கும் திரைக்கதை ஒரு படி பின்வாங்கியதாகவே தோன்றும்.

சுமார் 6 கோடி டாலர் செலவில் உருவான ‘ஷ்ரெக்’ உலகெங்கும் 48 கோடி டாலருக்கும் மேல் ஈட்டியது. கான் விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்றது. சிறந்த அசைவூட்டத் திரைப்படத்துக்கான முதல் ஆஸ்கர் விருதை 2002இல் வென்றது. கேளிக்கைப் பூங்காவைக் கேலிசெய்த படத்தின் பெயரில் 2003இல் யுனிவர்சல் பூங்காக்களில் ஒரு காட்சிக்கூடம் திறக்கப்பட்டது. தொடர்ச்சிப் படங்கள் வந்தன. 2007இல் டிஸ்னியே தன் இளவரசிகளைக் கேலிசெய்யும் ‘என்சாண்டட்’ படத்தை வெளியிட்டது. 2020இல் ‘ஷ்ரெக்’ அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. பக்கத்தைக் கிழித்த படமும் பாதுகாக்கப்பட வேண்டிய பக்கமாயிற்று. சிண்ட்ரெல்லாவையும் பினோக்கியோவையும் முதன்முதலாக ‘ஷ்ரெக்’ வழியாகவே அறிந்த குழந்தைகளுக்குப் பகடி முன்னும் மூலம் பின்னுமாக வந்து சேர்ந்தன.

மூலம் எது என்ற கேள்வி இதனால் மேலும் முக்கியமாகிறது. ‘மரபான தேவதைக் கதை’ என்று எழுதும் ஆய்வாளர் 1937இன் படத்தை மனத்தில் கொண்டு எழுதினால், நூல் நூற்ற முதியவளையும் நேப்பிள்ஸின் கிழவியையும் பாரிஸின் பெண் எழுத்தாளர்களையும் தம்மை அறியாமலே வெளியேற்றிவிடுகிறார். டுலாக் நகரில் நடந்ததும் அதுவே. அவர்களது கதைகளில் சிரிப்பும் கோரமும் அவநம்பிக்கையும் தொடக்கம் முதலே இருந்தன. ஒரு நிறுவனத்தின் தேர்வு அவற்றை அகற்றியது. இன்னொரு நிறுவனம் அவற்றுள் சிலவற்றைத் திரும்பக் கொணர்ந்து புதுமை என்ற பெயரில் விற்றது. ஆகவே ‘மரபு’ என்ற சொல்லைப் பயன்படுத்தும்போது அருகில் ஓர் ஆண்டையும் குறிப்பிடும் ஒழுக்கம் தேவைப்படுகிறது: 1634ஆ, 1697ஆ, 1857ஆ, 1937ஆ? எந்த ஆண்டை எழுதுகிறோமோ அதைப் பொறுத்தே, அரக்கனும் கழுதையும் கதைக்குள் அத்துமீறி நுழைந்தவர்களா, தங்கள் பழைய இடத்துக்குத் திரும்பி வந்தவர்களா என்பது முடிவாகும்.